பழைய கனரக இயந்திரங்களின் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ், எண்ணெய்க் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போக நெல் அறுப்புக்கு இறங்கும் பழைய அறுவடை இயந்திரங்கள், சாலைப் பணியில் பல ஆண்டுகள் உழைத்த வைப்ரேட்டர் ரோலர்கள், கான்கிரீட் கொண்டுபோகும் டிரான்சிட் மிக்ஸர்கள், ஸ்கிட் ஸ்டீர் லோடர்கள் ஆகியவற்றை வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊரில் ஜேசிபி என்று பொதுப்பெயராகச் சொல்லப்படும் பேக்ஹோ லோடர்களில் பெரும்பாலானவை டார்க் கன்வெர்ட்டரும் கியர்பாக்ஸும் கொண்டவை. அவற்றுக்கு இந்தப் பதில்கள் பொருந்தா. எக்ஸ்கவேட்டரும் எண்ணெயின் விசையால்தான் நகர்கிறது என்றாலும், அதில் மோட்டாரைச் சுழற்றிய எண்ணெய் டேங்குக்குப் போய்விடுகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவில் எஞ்சின் சுழற்றும் பம்பும், அந்த எண்ணெயின் விசையால் சக்கரத்தையோ டிரம்மையோ சுழற்றும் மோட்டாரும் இரண்டு தடித்த ஹோஸ்களால் நேராக இணைக்கப்பட்டிருக்கும்; ஒன்றில் போன எண்ணெய் மற்றொன்றின் வழியாகப் பம்புக்கே திரும்பி வரும். கிளட்ச் மிதிக்காமல் ஒரே லீவரைத் தள்ளியும் இழுத்தும் முன்னும் பின்னும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறது என்றால் அது பெரும்பாலும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ்தான். அறுவடை இயந்திரங்களில் அதற்குப் பின்னால் சில கியர்கள் கொண்ட பெட்டியும் இருப்பதுண்டு. டிரான்சிட் மிக்ஸரில் டிரம்மைச் சுழற்றுவது இந்த அமைப்பு. வண்டியை ஓட்டுவது வழக்கமான கியர்பாக்ஸ்தான்.

சார்ஜ் பம்ப் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன செய்கிறது?

பெரிய பம்பின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய பம்ப் அது. சுற்றிச்சுற்றி ஓடும் எண்ணெயில் ஒரு பகுதி பம்பின் உள்ளேயும் மோட்டாரின் உள்ளேயும் இடைவெளிகள் வழியாகக் கசிந்து, அந்தப் பாகங்களுக்கு மசகாகப் பயன்பட்டு, கேஸ் டிரெயின் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. இந்தக் கசிவு கோளாறு அன்று, வடிவமைப்பிலேயே உள்ளது. அப்படிக் குறையும் எண்ணெயை ஓயாமல் ஈடுகட்டுவது சார்ஜ் பம்பின் முதல் வேலை. பெரிய பம்ப் தள்ளும் எண்ணெயின் அளவையும் திசையையும் மாற்றும் தட்டான ஸ்வாஷ் பிளேட்டைச் சாய்க்கும் கட்டுப்பாட்டுக்கு விசை தருவதும், பல இயந்திரங்களில் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும் அதன் எண்ணெய்தான். அதன் அழுத்தம் பொதுவாக 15 முதல் 25 பார் வரை, அதாவது ஏறத்தாழ 220 முதல் 360 பிஎஸ்ஐ வரை இருக்கும். முதன்மைச் சுற்றில் 350 பாருக்கு மேல் அழுத்தம் எழும் இயந்திரத்துக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறிய அழுத்தம் விழுந்தால் பெரிய பம்பின் பிஸ்டன்கள் எண்ணெய் இல்லாமல் ஓடும். சில நிமிடங்களிலேயே பம்ப் கெட்டுப்போகவும் கூடும்.

காலையில் நன்றாக ஓடும் ரோலர், பதினொரு மணிக்கு மேல் மேட்டில் ஏற மறுக்கிறது. பம்பை மாற்ற வேண்டுமா?

இதுவே அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. அவசரத்தில் அதிகமாகப் பணம் இழக்கப்படுவதும் இதில்தான். எண்ணெய் சூடானால் மெலிகிறது. மெலிந்த எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளில் எளிதாக நழுவுகிறது. ஆகவே "குளிர்ச்சியில் பலம், சூட்டில் பலவீனம்" என்பது பம்ப் அல்லது மோட்டார் தேய்மானத்தின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்வது தவறில்லை. ஆனால் அதே அடையாளத்தை வேறு காரணங்களும் காட்டும். அடைபட்ட கூலரால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகலாம். டீசல் பில்டர் அடைத்து எஞ்சினே சுமையில் சுழற்சியை இழக்கலாம். பழைய அறுவடை இயந்திரங்களில் பம்பைச் சுழற்றும் பெல்ட் சூட்டில் நழுவலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் குலசேகரம் பக்கத்து ஏற்றம் ஒன்றில் நின்றுபோன ரோலரில் இதே குறையைக் கண்டு, தேய்மானம் என்று முடிவுகட்டி, அழுத்தத்தை அளக்காமலே பம்பைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து பூட்டிய பிறகும் குறை அப்படியே இருந்தது. டேங்கிலிருந்து சார்ஜ் பம்புக்கு எண்ணெய் இழுக்கும் சக்ஷன் ஹோஸின் உள்ளடுக்கு உரிந்து, எண்ணெய் சூடானதும் இளகி, உள்நோக்கி மடிந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் ஹோஸில் ஒரு வெடிப்பும் இல்லை. அந்த மூன்று வாரக் கூலியையும் பழுதுச் செலவையும் உரிமையாளர் இழந்தது என் தவற்றால். அதன்பிறகு சார்ஜ் அழுத்தத்தை அளந்து எழுதிவைக்காமல் எந்தப் பம்பையும் நான் கழற்றியதில்லை. உங்களையும் அப்படிக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சார்ஜ் அழுத்தத்தை எப்படி அளப்பது? அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

பம்பின் உடலில் அதற்கென்று ஒரு டெஸ்ட் போர்ட் இருக்கும். எந்தப் போர்ட் என்பதைக் கையேட்டின் படத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். முதன்மை அழுத்தப் போர்ட்டில் 40 பார் கேஜைப் பூட்டினால் அது முகத்துக்கு நேரே வெடிக்கும். சார்ஜ் போர்ட்டுக்கு 40 அல்லது 60 பார் கேஜ் போதும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கேஜைப் பூட்டி, எண்ணெய் வேலை செய்யும் சூட்டுக்கு வந்த பிறகு அளக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் எடுத்த எண் ஆறுதல் தரும், உண்மையைச் சொல்லாது.

முதலில் நியூட்ரலில், எஞ்சின் முழுச் சுழற்சியில் இருக்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே அழுத்தம் குறைவாக இருந்தால் தேட வேண்டிய இடங்கள் எண்ணெய் மட்டம், சக்ஷன் பில்டர், சக்ஷன் ஹோஸ், சார்ஜ் ரிலீப் வால்வு (அழுத்தம் அளவை மீறும்போது திறந்து எண்ணெயை வெளியே விடும் வால்வு), கடைசியாகச் சார்ஜ் பம்ப். இந்த வரிசை மலிவானதிலிருந்து விலை உயர்ந்ததை நோக்கிப் போகிறது என்பதால் அதை மாற்ற வேண்டாம். சக்ஷன் பக்கத்தில் வேக்குவம் கேஜ் பூட்டி அளந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். எண்ணெய் சூடாக இருக்கும்போது வெற்றிடம் 0.3 பாருக்கு மேல் காட்டினால் அங்கே அடைப்பு உண்டு.

அடுத்து வண்டியைச் சுமையோடு நகர்த்திப் பார்க்க வேண்டும். பல இயந்திரங்களில், சுற்றில் உள்ள சூடான எண்ணெயின் ஒரு பகுதியை வெளியேற்றும் பிளஷிங் வால்வு நகரும்போது திறப்பதால், சார்ஜ் அழுத்தம் 2 அல்லது 3 பார் குறைவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நியூட்ரலில் 22 பார் காட்டியது சுமையில் 10 பாருக்குக் கீழே விழுந்தால், சார்ஜ் பம்ப் ஈடுகட்ட முடியாத அளவுக்கு எண்ணெய் எங்கோ உள்ளே கசிகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

கசிவு பம்பிலா மோட்டாரிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

மோட்டாரின் கேஸ் டிரெயின் குழாயைக் கழற்றி, அளவு குறித்த வாளிக்குள் விட்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று பார்ப்பதே எளிய முறை. அனுமதிக்கப்பட்ட அளவு மாடலுக்கு மாடல் வேறுபடும். அதே வண்டியில் இரண்டு மோட்டார்கள் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே சிறந்த சான்று. ஒன்றிலிருந்து சொட்டும்போது மற்றொன்றிலிருந்து குழாய் திறந்ததுபோல் பாய்ந்தால், எதைக் கழற்றுவது என்பதில் ஐயம் இருக்காது. பிளஷிங் வால்வு மோட்டாரிலேயே இருந்தால் அதன் எண்ணெயும் இதில் சேர்ந்து வரும். அதைக் கழித்தே கணக்கிட வேண்டும். பம்பின் இரண்டு முதன்மைப் போர்ட்களையும் எஃகுத் தகடு வைத்து அடைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. ரிலீப் வால்வுகள் வேலை செய்கின்றன என்ற உறுதியும் முன் அனுபவமும் இல்லாதவர்கள் அதைச் செய்யக் கூடாது.

முன்னோக்கி நல்ல பலம், பின்னோக்கி மட்டும் இல்லை. ஏன்?

இது ஓரளவு நல்ல செய்தி. பம்பும் மோட்டாரும் தேய்ந்திருந்தால் இரண்டு திசையிலும் பலம் குறைந்திருக்கும். ஒரு திசையில் மட்டும் குறை என்றால், அந்தப் பக்கத்து உயர் அழுத்த ரிலீப் வால்விலோ, எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்விலோ துகள் சிக்கியிருக்கலாம், அல்லது லீவர் கேபிள் அந்தப் பக்கம் முழுதாக நகராமல் இருக்கலாம். முதலில் கேபிளைப் பாருங்கள். கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகுவது சாதாரணம். அது சரியாக இருந்தால், இரண்டு ரிலீப் வால்வுகளும் ஒரே அளவும் ஒரே செட்டிங்கும் கொண்டவை என்று உறுதிசெய்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றிப் பூட்டுங்கள். குறை திசை மாறினால் குற்றவாளி வால்வுதான்.

எந்தப் பக்கமும் அசையவே இல்லை. எஞ்சின் மட்டும் ஓடுகிறது.

வண்டியை இழுக்கும்போது எண்ணெய் தடையின்றிச் சுற்றுவதற்காகத் திறக்கும் பம்பின் பைபாஸ் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய நாள் வண்டியை இழுத்தவர்கள் அதை மூட மறந்திருப்பார்கள். எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் ஸ்ப்ளைன் பல் முழுதாகத் தேய்ந்து, எஞ்சின் ஓடியும் பம்ப் சுழலாமல் இருப்பதும் பழைய ரோலர்களில் உண்டு. அப்போது சார்ஜ் கேஜ் பூஜ்யம் காட்டும். சார்ஜ் அழுத்தம் இருந்து, லீவரைத் தள்ளும்போது எஞ்சின் திணறினால் பார்க்கிங் பிரேக் விடுபடவில்லை என்று கொள்ளலாம். இவ்வகைப் பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் விடுபடுவது. அதற்கான, மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வின் ஒயரை எலி கடித்திருந்தாலும் வண்டி நகராது.

சீழ்க்கை அடிப்பதுபோல் சத்தம் வருகிறது. எண்ணெயில் நுரையும் இருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய் போதிய அளவு வராமல் பம்ப் ஏங்கும்போது எழுவது இடைவிடாத கூர்மையான ஊளை. காரணம் சக்ஷன் அடைப்பு. காற்று கலந்தால் சத்தம் கரகரப்பாக, கூழாங்கல் உருள்வதுபோல் இருக்கும். டேங்கில் நுரை தெரியும். வண்டி குலுங்கி நகரும். காற்று புகுவது சக்ஷன் பக்கத்தின் தளர்ந்த கிளாம்பிலோ, பழைய ஓ-ரிங்கிலோ, மட்டம் குறைந்த டேங்கிலோதான். அங்கே உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால் எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். இணைப்புகளில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அதுவே ஓட்டை.

எண்ணெய் பால்போல் வெளுத்துவிட்டது. வடித்து ஊற்றினால் போதுமா?

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்தால் அது காற்று. காலையிலும் கலங்கியிருந்தாலோ அடியில் தண்ணீர் தங்கியிருந்தாலோ அது தண்ணீர். ஐயம் இருந்தால், நன்றாகச் சூடேற்றிய இரும்புத் தகட்டில் ஒரு துளி விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. கண்ணுக்குப் பாதுகாப்பு அணிந்தே இதைச் செய்ய வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. கன்னிப்பூ அறுப்பு முதலாவதன் வால்பகுதியில் வருகிறது. பகலில் சூடான டேங்க் இரவில் குளிரும்போது பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாக ஈரக் காற்றை உள்ளிழுக்கிறது. அந்த ஈரம் டேங்கின் மேற்சுவரில் முத்துமுத்தாகப் படிந்து எண்ணெயில் விழுகிறது. உடைந்த பிரீதர் மூடிக்குப் பதிலாகத் துணி கட்டிய வண்டிகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். எண்ணெய் பேரலை வெளியில் நிமிர்த்தி வைத்தாலும் இதுவே நடக்கும்: மூடியின்மேல் தேங்கும் மழைநீரைப் பேரல் இரவில் உறிஞ்சிக்கொள்ளும். பேரலைக் கூரையின்கீழ் வையுங்கள்; இடமில்லையென்றால், இரண்டு அடைப்பான்களும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு படுக்க வையுங்கள்.

தண்ணீர் கலந்த எண்ணெயை டேங்கில் மட்டும் வடித்தால் போதாது. கூலர், ஹோஸ்கள், மோட்டாரின் உடல் ஆகியவற்றில் கணிசமான பகுதி தங்கிவிடும். அவற்றையும் கழற்றி வடித்து, பில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, சுமையில்லாமல் ஒரு நாள் ஓட்டி, மறுபடியும் சோதியுங்கள். கலங்கல் இருந்தால் இன்னொரு முறை மாற்றத்தான் வேண்டும். செலவுதான், ஆனால் அது ஒரு பம்பின் விலையைவிட மிகக் குறைவு.

எந்த எண்ணெயை ஊற்றுவது? 46-ஆ, 68-ஆ? கலக்கலாமா?

அந்த எண், 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கிறது. எண் கூடினால் எண்ணெய் தடிமன் கூடும். கையேடு இரண்டையும் அனுமதித்தால், நம் வெப்பநிலையில் தேய்ந்த பழைய இயந்திரத்துக்கு 68 சற்றுப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் தேய்மானத்தை மறைக்க 100 ஊற்றுவது தவறு. குளிர்ந்த காலையில் சார்ஜ் பம்ப் அதை இழுக்கத் திணறும். சில பழைய இயந்திரங்களுக்கு எஞ்சின் ஆயில் அல்லது டிராக்டர்களுக்கான பொது எண்ணெய் விதிக்கப்பட்டிருக்கும். எண்ணெயில் நனையும் பிரேக் இருந்தால் அந்த விதியை மீறவே கூடாது. வெவ்வேறு வகை எண்ணெய்களைக் கலக்க வேண்டாம். அவற்றின் வேதிச் சேர்க்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் படிவு உண்டாகலாம்.

பில்டரில் பொன்னிறத் துகள்கள் மினுங்குகின்றன.

பழைய பில்டரை வெட்டிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இருப்பதே பாராட்டத்தக்கது. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் வெண்கலம் அல்லது பித்தளை. பெரும்பாலும் ஸ்வாஷ் பிளேட்டின்மேல் வழுக்கும் பிஸ்டன் ஷூவிலிருந்தோ சிலிண்டர் பிளாக்கின் முகப்பிலிருந்தோ உரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியும் மிகச்சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான். பம்பின் உள் இடைவெளிகள் அதைவிடக் குறுகியவை. ஆகவே கண்ணுக்கே தெரிகிறதென்றால் சேதம் முற்றியிருக்கிறது. பம்பைச் சரிசெய்தால் மட்டும் போதாது. மோட்டாரைத் திறந்து பார்த்து, கூலரையும் ஹோஸ்களையும் கழுவாவிட்டால், அங்கே தங்கிய துகள்கள் புதுப் பம்பையும் தின்றுவிடும். சிலிண்டர் பிளாக்கின் முகப்பு உரசும் தட்டான வால்வு பிளேட் தேய்ந்திருந்தால் அதை எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் பூட்டுவதும், திறந்த பாகங்களைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பதும் வேண்டாம். முதலாவது சமதளத்தைக் கெடுக்கும், இரண்டாவது நூலிழைகளை உள்ளே விடும்.

எண்ணெய் எவ்வளவு சூடாகலாம்?

50 முதல் 80 டிகிரி வரை கவலை இல்லை. 82 டிகிரியைத் தாண்டினால் சீல்கள் இறுகத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்று கணக்கு. அறுவடை இயந்திரத்தில் வைக்கோல் தூசியும், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம் உப்பு அரிப்பும் கூலர் இதழ்களை அடைக்கின்றன. அறுப்புக் காலத்தில் தினமும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

பம்பை மாற்றிய பின் முதல் முறை எப்படி ஸ்டார்ட் செய்வது?

பம்ப், மோட்டார் இரண்டின் உடலிலும் சுத்தமான எண்ணெயை மேல் போர்ட் வழியாக நிரப்புங்கள். காலியான உடலோடு ஓடினால் முதல் நிமிடத்திலேயே கீறல் விழும். புது எண்ணெயையும் பில்டர் வழியாகவே டேங்கில் ஏற்றுங்கள், ஏனென்றால் பேரலில் வருவது இந்த வேலைக்குப் போதிய சுத்தம் உடையதன்று. சார்ஜ் கேஜைப் பூட்டி, டீசலை நிறுத்தி, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுழற்றி, கேஜ் முள் எழுந்த பிறகே எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். சில நொடிகளில் அழுத்தம் நிலைபெறாவிட்டால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, மெல்ல முன்னும் பின்னும் சில நிமிடங்கள் சுழலவிட்டு, எண்ணெய் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

நியூட்ரலில் வைத்தும் வண்டி மெல்ல நகர்கிறது.

கேபிளைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். நகர்வு நின்றால் கேபிளை மறுபடி அமைத்தால் போதும். நிற்காவிட்டால் பம்பின் நியூட்ரல் ஸ்க்ரூவைக் கையேட்டின்படி சரிசெய்ய வேண்டும். அதுவரை வண்டிக்கு முன்னும் பின்னும் யாரையும் நிற்க விடாதீர்கள்.

ஹோஸில் மெல்லிய கசிவு. எங்கே என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். முதலில் ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கும். சில மணி நேரத்தில் திசு அழுகி விரலையோ கையையோ இழக்க நேரலாம். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் கசிவைத் தேட வேண்டும். தோலில் பாய்ந்திருந்தால் மருந்து தடவிக் காத்திராமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. "உயர் அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்தது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் சாதாரணக் கீறலாகக் கருதப்பட்டுவிடும்.

நின்றுபோன வண்டியை இழுத்துக்கொண்டு வரலாமா?

பைபாஸ் வால்வைக் கையேடு சொல்லும் அளவு திறந்து, பிரேக்கைக் கையால் விடுவித்து, நடக்கும் வேகத்தில், சாலையோரத்துக்கு ஒதுக்கும் தொலைவு மட்டும் இழுக்கலாம். பிரேக்கை விடுவித்தால் வண்டியை நிறுத்த எதுவும் இல்லை என்பதால், ஓரடி நகர்த்துவதற்கு முன்பே சக்கரக் கட்டையோடு ஒருவர் பக்கத்தில் நடக்க வேண்டும். பேச்சிப்பாறை, கடையால் போன்ற சரிவுப் பகுதிகளில் இழுக்கவே வேண்டாம், டிரெய்லரில் ஏற்றுங்கள். ஒதுக்கி நிறுத்தியதும் பைபாஸ் வால்வை மூடி, மூடியதை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள்.